எழுதாதவரின் இருக்கை

திரைப்படத்தைக் கூட்டுக்கலை என்பர். நடிகர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் எனப் பலர் கைகோத்து ஆக்கும் கலை அது என்பதை மறுப்பார் இலர். ஆயினும், படத்திற்குக் கடைகாலாக அமையும் திரைக்கதையை மட்டும் ஒருவர் தனியறையில் அமர்ந்து, தம் உள்ளத்து எழுச்சியால் எழுதி முடித்துவிடுகிறார் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உலகம் போற்றும் திரைக்கதைகள் சிலவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால் உண்மை வேறாக இருப்பது தெரியவரும். அவற்றின் முதற்படி ஒருவர் எழுதியதாக இருக்கலாம். அந்த முதற்படியை நிறைவான படைப்பாக்கியது, அதைப் படித்து 'இங்கே குறை இருக்கிறது' என்று சொன்ன இன்னொருவரின் குரலே ஆகும்.

பிறர் சுட்டும் குறை எப்போது ஒரு படைப்பை வளர்க்கிறது? எப்போது அதைக் கொல்கிறது? இவ்வினாவிற்குத் தெளிவான விடை தரும் வரலாறு ஒன்று ஜப்பானில் உண்டு. அகிரா குரோசாவா என்னும் இயக்குநரையும், அவருக்குக் கற்பித்தவர்களையும், அவருடன் எழுதியவர்களையும் சுற்றி 1936 முதல் 1955 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிகழ்ந்த வரலாறு அது. எழுதுவோர்க்கு மட்டுமன்றி, எழுதக் கற்பிப்போர்க்கும் அதில் பாடம் இருக்கிறது.

பெயர்த்தெடுத்த பலகை

ஓவியராக வேண்டும் என்று கனவு கண்ட குரோசாவா, 1936ஆம் ஆண்டில் தம் இருபத்தாறாம் வயதில் டோக்கியோவிலுள்ள பி.சி.எல். என்னும் படப்பிடிப்பு நிறுவனத்தில் துணை இயக்குநராகச் சேர்ந்தார். பின்னாளில் தோஹோ என்று பெயர்பெற்ற பெருநிறுவனத்தின் பகுதியாக அது மாறிற்று. அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் கஜிரோ யமமோத்தோ. இயக்குநராக விரும்புகிறவர் முதலில் திரைக்கதை எழுதக் கற்க வேண்டும் என்பது யமமோத்தோவின் உறுதியான கொள்கை. தம் துணை இயக்குநர்களை அவர் ஓயாமல் எழுதச் சொன்னார். எழுதியதைப் படித்துத் திருத்தியும் காட்டினார்.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குரோசாவா தம் தன்வரலாற்றில் நன்றியுடன் நினைவுகூர்கிறார். மிசுனோ ஜூரோசாயெமோன் என்னும் பழைய எதோ நகரத்து வீரனைப் பற்றிய கதை ஒன்றைத் திரைக்கதையாக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. கோட்டை முன் நடப்பட்டிருந்த அரசாணைப் பலகையை மிசுனோ படித்துவிட்டு வந்து, அதில் எழுதியிருந்ததைத் தன் தோழர்களிடம் சொல்வதாக மூலக்கதையில் ஓர் இடம் உண்டு. குரோசாவா அதனை அவ்வாறே எழுதினார். படித்துப் பார்த்த யமமோத்தோ, நாவலுக்கு இது போதும், திரைக்கதைக்கு வலிமை போதாது என்றார். பின்னர்த் தாமே பேனாவை எடுத்து அந்த இடத்தை மாற்றி எழுதிக் காட்டினார். அவர் எழுதியபடி, மிசுனோ பலகையில் இருந்ததை வாயால் சொல்லவில்லை. பலகையையே மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்துத் தோளில் சுமந்து வந்து, தோழர்கள் முன் போட்டு, 'இதைப் பாருங்கள்' என்கிறான்.

ஆசான் செய்ததையும் செய்யாததையும் எண்ணிப் பார்த்தல் நன்று. 'இது சரியில்லை' என்ற பொதுப்பேச்சோடு அவர் நின்றுவிடவில்லை. எந்த இடம், எதனால் வலிமை குன்றியது என்பதை வரையறுத்துச் சொன்னார். நாவலில் சொல்லால் நடப்பது திரையில் செயலால் நடக்க வேண்டும் என்ற இலக்கணத்தை ஒரே எடுத்துக்காட்டால் விளக்கினார். அதே வேளையில், மாணவர் எடுத்துக்கொண்ட கதையையோ, அதன் போக்கையோ அவர் மாற்றவில்லை. மாற்றியது ஒரு செயலை மட்டுமே. அந்த ஒரு செயலில், ஆட்சிக்கு அஞ்சாத மிசுனோவின் குணம் முழுவதும் வெளிப்பட்டது. அன்று முதல் இலக்கியத்தைப் படிக்கும் தம் முறையே மாறிவிட்டது என்கிறார் குரோசாவா. நல்ல திருத்தம் ஒரு வரியைச் செப்பனிடுவதோடு ஓய்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தடுப்பதற்காகப் படித்தவர்கள்

இதற்கு நேர்மாறான ஒரு வகைப் படிப்பையும் குரோசாவா விரைவிலேயே சந்தித்தார். அது போர்க்காலம். திரைக்கதைகளும் படங்களும் உள்துறை அமைச்சின் தணிக்கையாளர்களின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டியிருந்தது. அவர்களும் ஒவ்வொரு பக்கத்தையும் கூர்ந்து படித்தவர்களே. ஆனால், அவர்கள் படித்ததன் நோக்கம் வேறு.

பிலிப்பைன்ஸ் நாட்டு மலரான சம்பகித்தாவின் பெயரைத் தாங்கிய திரைக்கதை ஒன்றைக் குரோசாவா எழுதினார். ஜப்பானியர்கள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் பிறந்தநாளைக் கொண்டாடும் காட்சி அதில் இருந்தது. பிறந்தநாள் கொண்டாடுவது பகைநாடுகளான இங்கிலாந்து, அமெரிக்கா ஆகியவற்றின் பழக்கம் எனத் தணிக்கையாளர் குற்றம் கண்டார். பிறந்தநாள் கொண்டாடுவதே தவறென்றால், பேரரசரின் பிறந்தநாளை நாடே கொண்டாடுகிறதே, அதுவும் தவறுதானா என்று குரோசாவா திருப்பிக் கேட்டார். வாதத்தில் வென்றவர் அவரே. திரைக்கதையோ முற்றாக மறுக்கப்பட்டது.

1943ஆம் ஆண்டில் அவருடைய முதற்படமான 'சுகாத்தா சன்ஷிரோ' தணிக்கைக்குழுவின் முன் வந்தபோதும் அதே நிலைதான். அப்படத்தில் வரும் காதற்காட்சியையும் பகைநாட்டுப் பாணி என்று சாடினர். குரோசாவா சினத்தின் எல்லைக்கே சென்ற அவ்வேளையில், அவையில் இருந்த மூத்த இயக்குநர் யசுஜிரோ ஓசு எழுந்தார். நூறு மதிப்பெண் முழு மதிப்பெண் என்றால், இந்தப் படத்திற்கு நூற்றிருபது தர வேண்டும் என்று கூறி இளைஞரை வாழ்த்தினார். படம் தப்பியது.

தணிக்கையாளரும் குறை சொன்னார். யமமோத்தோவும் குறை சொன்னார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சொல்லின் கடுமையில் இல்லை. இந்த எழுத்து என்னவாக வளர முயல்கிறது என்ற கேள்வியை யமமோத்தோ தமக்குள் கேட்டுக்கொண்டார். தணிக்கையாளர் அக்கேள்வியைக் கேட்கவே இல்லை. எங்கே நிறுத்தலாம் என்று தேடுகிறவர் கண்ணுக்கு, வளரக்கூடிய இடம் தென்படுவதில்லை.

நோயாளிக்கு வந்த மடல்

இதே காலத்தில், ஜப்பானின் வேறொரு மூலையில் வேறொரு வரலாறு தொடங்கியது. சினோபு ஹாசிமோத்தோ என்பவர் 1918ஆம் ஆண்டில் ஹியோகோ மாநிலத்தில் பிறந்தவர். 1938ஆம் ஆண்டில் படையில் சேர்ந்த அவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. போர்முனைக்குச் செல்லாமலேயே ஒகயாமாவில் இருந்த காசநோய் மருத்துவமனையில் பல ஆண்டுகளைக் கழிக்க நேர்ந்தது. ஒருநாள், உடனிருந்த நோயாளி ஒருவர் திரைப்பட இதழ் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். அதில் அச்சாகியிருந்த திரைக்கதையைப் படித்த ஹாசிமோத்தோ, 'இவ்வளவுதானா? இதை நானே எழுதலாமே' என்று எண்ணினார். ஜப்பானில் மிகச் சிறந்த திரைக்கதை ஆசிரியர் யார் என்று அந்நண்பரைக் கேட்டார். மன்சாக்கு இத்தாமி என்று விடை வந்தது.

மருத்துவமனை வாழ்க்கையையே பொருளாக வைத்து ஹாசிமோத்தோ ஒரு திரைக்கதையை எழுதி இத்தாமிக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஒரு நோயாளிப் படைவீரனுக்குப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளர் விடை எழுத வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் விடை வந்தது. வந்தது வெறும் பாராட்டுரை அன்று. எழுத்தின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிய கருத்துரை. அந்நாளில் இத்தாமியும் காசநோயால் படுக்கையில் இருந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

நோய் ஓரளவு தணிந்து வெளியே வந்த ஹாசிமோத்தோ, ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் இரயில் பெட்டியில் அமர்ந்து திரைக்கதை எழுதினார். எழுதி முடித்ததைக் கியோத்தோவிலிருந்த இத்தாமியிடம் கொண்டு சேர்த்தார். இத்தாமி படித்தார், குறை சொன்னார், மீண்டும் எழுதச் சொன்னார். ஒருமுறை இத்தாமி, பிறர் எழுதிய மூலக்கதையைத் திரைக்கதையாக்கும்போது எத்தகைய மனநிலையோடு அதை அணுக வேண்டும் என்று கேட்டார். கட்டப்பட்ட மாடு ஒன்றை நாள்தோறும் சென்று பல பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், ஒருநாள் ஒரே அடியில் வீழ்த்த வேண்டும், தமக்கு வேண்டுவது அதன் குருதி மட்டுமே என்று மாணவர் விடையளித்தார். ஆசான் அதை மறுக்கவில்லை. சிறிது பொழுது அமைதியாக இருந்துவிட்டு, மூலத்தின்மேல் காதல்கொண்டு அதனோடு சேர்ந்து மாய்ந்துவிட வேண்டிய நேரங்களும் உண்டு என்று மட்டும் சொன்னார். மாணவரின் கருத்து பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று என்பதை ஒரு சொல்லும் கடியாமல் உணர்த்திய முறை இது.

1946ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாமி காலமானார். ஹாசிமோத்தோவின் கையெழுத்துப்படிகள், இத்தாமியிடம் முன்னர்ப் பணியாற்றிய இயக்குநர் கியோஷி சயெகி வழியாகக் குரோசாவாவின் கைக்குச் சென்றன.

'கொஞ்சம் சிறிதாக இருக்கிறது'

அப்படிகளுள் ஒன்று, ரியூனோசுகே அக்குத்தாகாவா 1922ஆம் ஆண்டில் எழுதிய 'புதருக்குள்' என்னும் சிறுகதையைத் தழுவியது. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறாகச் சான்று கூறும் கதை அது. குரோசாவா ஹாசிமோத்தோவைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். அவர் சொன்ன குறை மிகச் சிறியது. ஒரு முழுப்படத்திற்கு இது கொஞ்சம் சிறிதாக இருக்கிறது என்பதே அது. அக்குத்தாகாவாவின் மற்றொரு கதையான, 1915ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஷோமோன்' இதனுடன் சேர்ந்தது அந்தப் பேச்சின் விளைவாகும்.

இந்த யோசனையை முதலில் சொன்னவர் யார்? தமக்கே அந்தக் கதை நினைவுக்கு வந்தது என்று குரோசாவாவின் தன்வரலாறு கூறுகிறது. எண்ணிப் பாராமல் தம் வாயிலிருந்தே அச்சொல் வந்துவிட்டது என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாசிமோத்தோவின் நினைவுநூல் கூறுகிறது. இருவரும் நேர்மையான மனிதர்களே. ஒரு படைப்பை நோக்கி இருவர் சேர்ந்து சிந்திக்கும்போது, எது எவருடைய எண்ணம் என்ற எல்லைக்கோடு அழிந்துவிடுகிறது என்பதையே இம்முரண்பாடு காட்டுகிறது எனலாம்.

ஹாசிமோத்தோ திருத்தி எழுதினார். இடையில் அவர் உடல்நலம் குன்றியதால், இறுதிப்படியைக் குரோசாவாவே எழுதி முடித்தார். பாழடைந்த நகரவாயில், ஓயாத மழை, அதன் கீழ் ஒதுங்கிய மூவரின் உரையாடல் ஆகியவை சேர்ந்தன. மூலக்கதையில் பிணத்தைக் கண்டெடுத்தவனாக மட்டுமே வரும் விறகுவெட்டி, படத்தில் நிகழ்ச்சியை நேரில் கண்டும் மறைத்தவனாக மாறினான். இரு கதைகளிலும் இல்லாத ஒரு கைக்குழந்தை இறுதிக்காட்சியில் இடம்பெற்றது. 'சிறிதாக இருக்கிறது' என்ற குறைக்கு நீளத்தை மட்டும் கூட்டி விடையளித்திருந்தால் பக்கங்கள் பெருகியிருக்கும். அவர்களோ, அந்தக் குறையை வாயிலாகக்கொண்டு கதையின் பொருளையே ஆழப்படுத்தினர்.

அப்போதும் ஐயங்கள் தீரவில்லை. படப்பிடிப்புக்கு முன்பு துணை இயக்குநர் மூவர் குரோசாவாவிடம் வந்து, இத்திரைக்கதை தங்களுக்குப் புரியவில்லை என்றனர். அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மனிதர் தம்மைப் பற்றித் தமக்கே உண்மை சொல்லிக்கொள்ள இயலாதவர்கள் என்பதே இதன் கரு என்று விளக்கி, மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்றார். இருவர் ஏற்றனர், ஒருவர் மனநிறைவின்றியே சென்றார். இங்கே குரோசாவா தம் எழுத்தை மாற்றவில்லை என்பதும் கருதத்தக்கது. எல்லாக் குறைகளும் திருத்தத்தைக் கோருவன அல்ல; சில விளக்கத்தைக் கோருவன. அந்த வேறுபாட்டை அறிவது எழுதுவோரின் பொறுப்பு.

'ராஷோமோன்' 1950ஆம் ஆண்டில் வெளிவந்து, 1951ஆம் ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவின் தலைசிறந்த பரிசான தங்கச்சிங்கத்தைப் பெற்றது. அதன் அலை தமிழுலகையும் தொட்டது. அப்படத்தைப் பார்த்து எழுச்சி பெற்ற வீணை எஸ். பாலசந்தர், ஒரு கொலையைப் பலர் பார்வையில் சொல்லும் 'அந்த நாள்' படத்தை 1954ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்திற்காக இயக்கினார். பாடல் ஒன்றுகூட இல்லாத தமிழ்ப்படம் என்று அது இன்றும் பேசப்படுகிறது. ஹாசிமோத்தோவின் ஒரு முதற்படி அத்துணைத் தொலைவு பயணம் செய்தது.

கிழிக்கப்பட்ட தாள்கள்

அடுத்து வந்த 'இக்கிரு' என்னும் படத்தின் வரலாறு இன்னும் அழுத்தமானது. 'இக்கிரு' என்றால் 'வாழ்தல்' என்று பொருள். இன்னும் சில நாள்களே உயிர்வாழப்போகும் ஒரு மனிதன் என்ற கருவை மட்டும் குரோசாவா ஹாசிமோத்தோவிடம் தந்தார். ஹாசிமோத்தோ அதற்கு உடலும் உயிரும் கொடுத்தார். நகராட்சி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியும் எதையும் செய்யாத கஞ்சி வத்தனாபே என்னும் அதிகாரி அவ்வாறு பிறந்தார். வயிற்றில் புற்றுநோய் கண்டதை அறிந்தபின், கழிவுநீர் தேங்கிய ஓரிடத்தைத் தூர்த்துச் சிறுவர் பூங்கா அமைக்க அவர் போராடுகிறார்.

ஹாகோனே மலைப்பகுதியிலுள்ள ஒரு விடுதியில் தங்கிக் குரோசாவாவும் ஹாசிமோத்தோவும் எழுதத் தொடங்கினர். மூன்றாமவரான ஹிதேயோ ஒகுனி பிந்தி வந்து சேர்ந்தார். 1904ஆம் ஆண்டில் பிறந்த ஒகுனி, குரோசாவாவை விட ஆறு வயது மூத்தவர். திரையுலகில் பழுத்த அனுபவம் உடையவர். அதுவரை எழுதியிருந்த தாள்களை அவர் படித்தார். படித்து முடித்தபின், இந்தக் கதாநாயகன் பாதியில் இறந்துவிட வேண்டும் என்றார்.

கதையே அம்மனிதர் மரணத்தை நோக்கி நடப்பதுதான். அவர் பாதியில் இறந்துவிட்டால் எஞ்சிய பாதியில் என்ன இருக்கும்? குரோசாவா சினந்தார். எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டார். பல நாள் உழைப்பு அந்த அறையில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆயினும், ஒகுனி சொன்னதில் உண்மை இருப்பதை மற்ற இருவரும் உணர்ந்தனர். நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், நல்லவர் ஒருவர் நற்செயல் செய்து மாண்டார் என்ற எளிய நீதிக்கதையாக அது முடிந்துவிடும். மூவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

படத்தைப் பார்த்தோர் அதன் விளைவை அறிவர். பூங்கா அமைப்பதென்று வத்தனாபே முடிவெடுத்த சிறிது நேரத்தில், அவர் இறந்துவிட்டார் என்று கதைசொல்லியின் குரல் அறிவிக்கிறது. அடுத்து வருவது இழவு வீடு. உடன் பணியாற்றியோர் மது அருந்தியபடி, பூங்கா அமைந்ததற்கு யார் காரணம் என்று வாதிடுகின்றனர். ஒவ்வொருவர் நினைவிலிருந்தும் ஒரு துண்டு வெளிப்பட, இறந்தவரின் இறுதி நாள்கள் சிறிது சிறிதாக உருப்பெறுகின்றன. பனி பெய்யும் இரவில் அவர் ஊஞ்சலில் அமர்ந்திருந்ததை ஒரு காவலர் வந்து சொல்கிறார். இனி நாமும் அவரைப் போல உழைப்போம் என்று அனைவரும் கண்ணீருடன் உறுதி கூறுகின்றனர். மறுநாள் அலுவலகத்தில் எல்லாம் பழையபடியே நடக்கிறது. வத்தனாபே ஒருவரைப் பற்றிய கதை, அவரைச் சுற்றியிருந்த எல்லாரையும், பார்த்துக்கொண்டிருக்கும் நம்மையும் கேள்வி கேட்கும் கதையாக மாறியது. அந்த மாற்றம் ஒகுனியின் ஒரு வாக்கியத்தில் பிறந்தது.

'இக்கிரு' 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டில், எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ அதனை ஆங்கிலப்படமாக மாற்றி எழுதினார். நாடும் மொழியும் மாறின. கதாநாயகன் படம் முடியுமுன்பே மறைந்துவிடும் அமைப்பு மட்டும் மாறவில்லை.

ஒரே மேசை, மூவர்

ஒகுனியின் பங்கு ஒரு முறையாகவே நிலைபெற்றது 'ஏழு சாமுராய்' எழுதப்பட்டபோதுதான். அதற்கு முன்பு இரண்டு தோல்விகள் இருந்தன. ஒரு சாமுராய் காலையில் எழுவது முதல் மாலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது வரையிலான ஒருநாள் வாழ்க்கையை எழுத ஹாசிமோத்தோ முயன்றார். அக்காலத்துச் சாமுராய் நண்பகல் உணவைக் கோட்டைக்குக் கொண்டுசென்றானா, அங்கேயே உண்டானா, நாளைக்கு எத்தனை வேளை உண்டான் என்பன போன்ற செய்திகளுக்குச் சான்று கிடைக்கவில்லை. உண்மை தெரியாமல் எழுத இயலாது என்று கூறி அவர் பின்வாங்கினார். மாதக்கணக்கில் காத்திருந்த குரோசாவா வெகுண்டார். அடுத்ததாகப் புகழ்பெற்ற வாள்வீரர்கள் பலரின் வாழ்க்கை உச்சங்களை மட்டும் தொகுத்து ஹாசிமோத்தோ எழுதிய திரைக்கதையும் கைவிடப்பட்டது. உச்சக்காட்சிகளை மட்டுமே அடுக்கித் திரைக்கதை ஆக்க முடியாது என்று குரோசாவா உணர்ந்து சொன்னார்.

ஊர் ஊராகச் சென்று வாட்பயிற்சி செய்த வீரர்கள் வயிற்றுக்கு என்ன செய்தனர் என்ற கேள்வி அடுத்து எழுந்தது. கொள்ளையரிடமிருந்து சிற்றூர்களைக் காத்து, அதற்கு ஈடாக உணவும் உறையுளும் பெற்றனர் என்ற செய்தி கிடைத்தது. அங்கிருந்து 'ஏழு சாமுராய்' முளைத்தது. கைவிடப்பட்ட இரண்டு படிகளும் வீணாகவில்லை. எதை எழுதக்கூடாது என்பதை அவை தெளிவாக்கியிருந்தன.

ஹாசிமோத்தோ முதற்படியை எழுதி முடித்தபின், மூவரும் அத்தாமி என்னும் கடற்கரை ஊரின் விடுதி ஒன்றில் பல வாரங்கள் தங்கினர். ஒரே மேசை, அதில் குரோசாவாவும் ஹாசிமோத்தோவும் ஒரே காட்சியைத் தனித்தனியே எழுதுவர். ஒகுனி ஒரு வரியும் எழுதமாட்டார். தமக்கு விருப்பமான நூல் ஒன்றைப் படித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். எழுதி முடித்த தாள்கள் அவரிடம் போகும். இரண்டில் எது நன்று என்று அவர் தேர்வார். இரண்டும் நன்றல்ல என்றால் மீண்டும் எழுத வேண்டும். தேர்வு பெறாத தாள்கள் குரோசாவாவுடையனவாக இருப்பினும் தீர்ப்பு தீர்ப்பே. வெனிஸ் பரிசு பெற்று உலகப்புகழ் எய்திய இயக்குநர், எழுதாத ஒருவரின் சொல்லுக்குத் தலைவணங்கினார். கட்டுப்பாட்டுக் கோபுரம் போன்றவர் ஒகுனி என்று ஹாசிமோத்தோ பின்னாளில் வருணித்தார்.

207 நிமிடம் ஓடும் அப்படம் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. அவ்வாண்டே வெனிஸ் விழாவில் வெள்ளிச்சிங்கப் பரிசு பெற்றது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்கரும் அதே கதையைத் தம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றிப் படமாக்கினர்.

காலியான இருக்கை

இவ்வளவு வெற்றி கண்ட முறை நீடித்ததா? இல்லை. 'ஏழு சாமுராய்' முடிந்தபின், ஒருவர் முதற்படி எழுதுவது, பின்னர் மூவர் கூடித் திருத்துவது என்ற நீண்ட வழி கைவிடப்பட்டது. முதற்படியே இல்லாமல், அனைவரும் கூடி அமர்ந்து நேரே இறுதிப்படியை எழுதும் வழி வந்தது. காலமும் உழைப்பும் மிச்சமாகும் என்பது அதன் கவர்ச்சி. ஒகுனியும் எழுதுவோருள் ஒருவரானார். எழுதாதவரின் இருக்கை காலியாயிற்று.

அம்முறையில் உருவான முதற்படம் 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. அணுகுண்டுக்கு அஞ்சித் தம் குடும்பத்தையே பிரேசில் நாட்டிற்குக் குடியேற்ற முயலும் ஒரு முதிய ஆலை முதலாளியின் கதை அது. ஹிரோசிமாவும் நாகசாக்கியும் அழிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த நாட்டில், அதனினும் பெரிய பொருள் வேறொன்று இருந்திருக்க முடியாது. ஆயினும் மக்கள் அப்படத்தைப் பெரிதாக வரவேற்கவில்லை. முதற்படியின்றி எழுதியதே அதன் அடிப்படைக் குறை என்பது ஹாசிமோத்தோவின் கருத்து. கூடி எழுதும்போது ஒவ்வொரு காட்சியும் நன்றாகவே அமையலாம். முழுமையைத் தொலைவிலிருந்து பார்த்து, வழி தவறிவிட்டது என்று சொல்ல ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார்.

இதனை முழுத்தீர்ப்பாகக் கொள்ளுதல் முறையன்று. குழுவாக எழுதிய பிற்காலப் படங்களுள்ளும் உலகம் போற்றுவன உண்டு. 1957ஆம் ஆண்டில் வந்த 'இரத்த சிம்மாசனம்', 1958ஆம் ஆண்டில் வந்த 'மறைந்த கோட்டை' ஆகியவை அத்தகையன. எனினும், தம் காலத்து மனிதனின் அச்சத்தைப் பேச வந்த அந்த 1955ஆம் ஆண்டுப் படத்திற்கு, 'இக்கிரு'வுக்குக் கிடைத்தது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை.

வரலாறு தரும் பாடம்

இந்த இருபது ஆண்டு வரலாற்றை ஒருசேர நோக்கினால் சில உண்மைகள் விளங்கும். முதலாவது, திருத்துவதற்கு முன்பு முழுமையான ஒரு முதற்படி வேண்டும். குறையோடேனும் ஒருவர் துணிந்து எழுதி முடித்தால்தான், மற்றவர் சொல்வதற்குப் பிடி கிடைக்கும். இரண்டாவது, கருத்துரை கூறுவோர் எழுதியவரோடு போட்டியிடலாகாது. ஒகுனி எழுதாமல் இருந்ததால்தான் எவர் பக்கமும் சாயாமல் படைப்பின் பக்கம் நிற்க முடிந்தது. மூன்றாவது, சுட்டும் குறை குறிப்பிட்ட இடத்தையும் காரணத்தையும் தொட வேண்டும். 'வலிமை போதாது', 'சிறிதாக இருக்கிறது', 'பாதியில் இறக்க வேண்டும்' என்பன எல்லாம் மிகச் சிறிய வாக்கியங்களே. ஆனால், எழுதியவர் மறுநாள் காலையில் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவை காட்டின.

எழுதுவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. குறை கேட்டுச் சினம் கொள்ளுதல் இயல்பே. குரோசாவாவும் சினந்தார், தாள்களைக் கிழித்தார். அவர் பெருமை சினவாமையில் இல்லை. சினம் தணிந்தபின் புதிய தாளை எடுத்து, தம்மைச் சினமூட்டிய அந்தச் சொல்லையே முதல் வரியாக்கி எழுதியதில் இருக்கிறது.

வகுப்பறையில் நாள்தோறும் கட்டுரை ஏடுகள் ஆசிரியர் மேசையில் குவிகின்றன. பிழையான எழுத்தைச் சுழித்து, மதிப்பெண் இட்டு, அடுத்த ஏட்டை எடுப்பது எளிது. நேரமும் அதற்கே போதுவதாக இருக்கும். ஆனால் சிவப்பு மையில் எழுதப்படும் ஒரு வரி, மாணவனின் எழுத்தைத் தடுக்கும் தணிக்கையாளரின் வரியாகவும் அமையலாம். பலகையைப் பெயர்த்தெடுக்கக் கற்றுத்தரும் யமமோத்தோவின் வரியாகவும் அமையலாம். பெரும்பாலும் எது எதுவாயிற்று என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இத்தாமிக்கும் அது தெரியாமலே போயிற்று. முகமறியா நோயாளி ஒருவனின் திரைக்கதையைப் படுக்கையில் கிடந்தபடி படித்து, குறைகளை எழுதி அனுப்பிய அவர் 1946ஆம் ஆண்டிலேயே மறைந்தார். 'ராஷோமோன்' வெளிவந்ததை அவர் காணவில்லை. மடலைப் பெற்ற நோயாளியோ காசநோயை வென்று, எட்டுப் படங்களில் குரோசாவாவுடன் எழுதி, தனியாகவும் பல திரைக்கதைகளை ஆக்கி, 2018ஆம் ஆண்டில் தம் நூறாம் வயதில் காலமானார். தம்மை உருவாக்கிய ஆசான் இத்தாமி என்பதை அவர் இறுதிவரை மறக்கவில்லை.